பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுதா? கடலோர வண்டிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயில் குறையும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் நம்ம பக்கம் முதல் தவறு. ராமேஸ்வரம், மண்டபம், ஏர்வாடி என்று யாத்திரைக்காரர்களை ஏற்றி ஓடும் பழைய இன்னோவா, டவேரா, குவாலிஸ் பலவற்றில் டிக்கியைத் திறந்தால் ஒரு சிவப்பு ஆயில் பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப உதவும் இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது. அளவு இறங்கினால் எங்கேயோ வெளியே போகிறது, வேறு காரணமே கிடையாது. பம்புக்குள் தேய்மானத்தைத் தடுப்பதும் இதே ஆயில்தான், அதனால் வற்றிய வண்டியை ஓட்டினால் ஓஸ் செலவோடு முடிய வேண்டியது பம்ப் வரைக்கும் போய் நிற்கும். ஒழுகுகிற ஆயில் சூடான சைலன்ஸர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிப் போவது பாம்பன் சாலைப் பாலத்தின் மேல், குறுக்கே காற்று தள்ள எதிரே பஸ் வரும்போது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சக்கரம் அப்போதும் திரும்பும்தான், ஆனால் அந்தப் பலத்தைக் கை எதிர்பார்த்திருக்காது.

சரி, கீழே சொட்டுவது அந்த ஆயில்தானா? நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஏசி போட்டு நிறுத்தினால் இடது பக்கம் தண்ணீர் தாராளமாகச் சொட்டும், அதைப் பார்த்துப் பயந்து வொர்க்ஷாப்புக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இன்ஜின் ஆயில் என்று நினைத்து மாதக்கணக்கில் சும்மா விடுகிறவர்களும் உண்டு. ராத்திரி வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள். சிவப்போ இளஞ்சிவப்போ, விரலில் வழவழப்பாக இருந்தால் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம், பழையது என்றால் பழுப்பேறியிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கியர் ஆயிலும் சிவப்புதான், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றும் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். ஸ்விஃப்ட் மாதிரி மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங் என்றால் டப்பாவும் கிடையாது, ஆயிலும் கிடையாது. அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சொட்டுகிற இடத்தையே ஓட்டை என்று நினைப்பது அடுத்த தவறு. ஆயில் மேலே கசிந்து, குழாய் வழியாக இறங்கி, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் போய் எங்கேயோ சொட்டும். காட்டன் வேஸ்டால் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடையுங்கள், அப்புறம் ஐட்லிங்கில் விட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்து, ஈரம் முதலில் எங்கே தெரிகிறது என்று மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பிரஷர் ஓஸை, அதாவது பம்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போகும் ஓஸை, கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே அழுத்தம் 1000 பிஎஸ்ஐ தாண்டும், ஊசி ஓட்டையில் பீய்ச்சினால் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும், அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

இப்போது நம்ம கடற்கரைக்கே உரிய விஷயம். இங்கே ரப்பர் கெடுவதற்கு முன்னால் இரும்பு கெட்டுவிடுகிறது. பிரஷர் ஓஸில் ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் நசுக்கு மூட்டை (உலோக வளையத்தை நசுக்கிப் பிடித்த இணைப்பை) பாருங்கள், குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்பை விலக்கிப் பாருங்கள். கிளிப்புக்கு அடியில் உப்பும் மணலும் அடைந்து பெயிண்ட் கொப்பளித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் துரு செதிலாக உதிரும். மேலே பளபளவென்று இருக்கும் குழாய் அந்த இடத்தில்தான் ஓட்டை விழும். அதில் எம்-சீல் வைத்து அடைப்பது, வெட்டிவிட்டுச் சாதா ஓஸைச் சொருகிக் கிளாம்ப் போடுவது எல்லாம் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. திரும்பி வரும் ஓஸுக்குக் கிளாம்ப் போதும், பிரஷர் ஓஸுக்கு வண்டிக்கான அசல் ஓஸோ அழுத்தம் பார்த்து நசுக்கித் தரும் கடையில் செய்ததோதான். மூட்டைக் கழற்றினால் பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு விலை ஒன்றும் பெரிதில்லை.

இதைவிட அதிகம் ஏமாறுவது ராக்கில், அதாவது ஸ்டீயரிங் திருப்பினால் இடம் வலமாக நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் பகுதியில். ராக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். உள்ளே ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கும் சீல் போனால் ஆயில் அந்தப் பூட்டுக்குள்ளேயே தேங்கும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. இன்ஜினை நிறுத்திவிட்டு பூட்டை அமுக்கிப் பாருங்கள். களக் களக் என்று ஆடினாலோ கிளாம்ப் ஓரத்தில் ஆயில் பிதுங்கினாலோ விஷயம் முடிந்தது. உடனே சீல் கிட் வாங்கி மாட்டிவிடுவார்கள், சில வாரத்தில் திரும்ப ஒழுகும், சீல் டூப்ளிகேட் என்று சண்டை நடக்கும். பல தடவை குற்றம் சீலில் இல்லை. பூட் கிழிந்து நாளானதால் தனுஷ்கோடி மணலும் உப்பு ஈரமும் உள்ளே போய் ராக் தண்டில் துரு பிடித்துக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழி ஒவ்வொரு திருப்பத்திலும் புது சீலை அரம் மாதிரி அறுக்கும். தண்டைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் ஓடும் இடத்தில் நகம் தட்டினால் சீல் கிட்டுக்குச் செலவு செய்யாதீர்கள், ராக்கையே மாற்றுங்கள் அல்லது தண்டு சரி செய்து தரும் இடத்தில் கொடுங்கள். நல்ல ராக் என்றால் கிழிந்த பூட்டை அன்றைக்கே மாற்றுவதுதான் இருப்பதிலேயே மலிவான வேலை.

ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று கடையில் கிடைப்பது சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். குழாய் ஓட்டைக்கு அது ஒன்றும் செய்யாது. அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம், உள்ளே இருக்கும் ரப்பர் முழுக்க ஊறிக் கெட்டுவிடும். எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும், பழைய இன்னோவாவுக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான், சில கம்பெனிகளுக்குத் தனி ஆயில். மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மணலைத் துடையுங்கள், உள்ளே போகும் மணல் பம்பை அரித்துவிடும்.

வேலை முடிந்ததும் இன்ஜினைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பிப் பிடித்து நிற்பார்கள், காற்று மாட்டி ஆயில் நுரைத்து பம்ப் முனகும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள், இன்ஜினைப் போடாமலேயே ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் மெதுவாகப் பத்திருபது தடவை திருப்புங்கள். குமிழி நிற்கும் வரை ஆயிலைச் சேர்த்துக்கொண்டே வந்து, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஆயிலில் நனைந்த பம்ப் பெல்ட்டைத் துடைத்து மாட்டினால் வழுக்கும், புதுசு போடுங்கள். வடித்த ஆயிலை மணலில் கொட்டாதீர்கள், மன்னார் வளைகுடாவை நம்பித்தான் இங்கே பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது. கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்து அடிப்பக்கத்தைக் கழுவுகிறீர்களா, நல்லது. ஆனால் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதுதான். கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஓஸ் கிளிப், பூட் இருக்கும் பக்கம் ஊற்றிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அந்த வெள்ளை அட்டையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.