சென்சர் இல்லாத மோட்டர், தவறாகக் காட்டிய வேகம்

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரை ஓட்டும் நான்கு துருவ (pole) மோட்டர், 400 வோல்ற், 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). வேகத்தை அளக்கும் சென்சரான என்கோடர் இல்லாமல், மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டரில் ஓடுகிறது. 5 ஹேர்ட்ஸில் இன்வேர்ட்டரின் திரை 150 ஆர்பிஎம் என்றது. மோட்டரின் கப்பியில் (pulley) சோக்கால் கோடு போட்டு எண்ணினேன்: 10 செக்கனில் 15 சுற்று. அதாவது 90தான்.

இன்வேர்ட்டர் வேகத்தை அளப்பதில்லை, கணிக்கிறது. கொடுக்கும் வோல்டேஜிலிருந்து வைண்டிங் (மோட்டரின் கம்பிச் சுருள்) தடை தின்னும் பங்கைக் கழித்து, மிஞ்சும் பின் மின்னியக்க விசையை, அதாவது சுழலும் மோட்டர் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜைக் கொண்டுதான் கணக்கு. மெதுவாக ஓடும்போது அந்த மிச்சம் மிகச் சிறியது. தடையில் சிறு பிழை இருந்தாலும் கணக்குக் கெடும். இந்த மோட்டர் மெல்லிய கம்பியில் மறுபடி கட்டப்பட்டது. தடை கூடிவிட்டது, இன்வேர்ட்டரிலோ பழைய எண்.

பெல்ட்டைக் கழற்றி, மோட்டர் நன்றாக ஆறிய பின், ஓடும் கேபிளோடேயே சுழலும் ஓட்டோடியூன் செய்தேன்; இதில் இன்வேர்ட்டரே மோட்டரைச் சுழற்றி அதன் தடை முதலியவற்றை அளந்துகொள்ளும். மோட்டரின் பெயர்த்தகட்டு வேகம் கேட்கும் இடத்தில் 1440 போடுங்கள். காந்தப்புலம் சுழலும் வேகமான 1500ஐப் போட்டால் ஸ்லிப் (அதைவிட மோட்டர் பின்தங்கும் அளவு) பூச்சியமாகிவிடும். பெல்ட் மாட்டி எண்ணியபோது 10 செக்கனில் 24 சுற்றுக்கு மேல்.

1 ஹேர்ட்ஸுக்குக் கீழே பாரத்தோடு நிற்க வேண்டுமென்றால் என்கோடர்தான் போடவேண்டும்.