டம்மி ஃபைலை டெர்மினலிலேயே செய்துகொள்ளலாம்

நீங்கள் எழுதிய வலைத்தளத்தின் ஃபைல் அப்லோடில் 5 எம்பி வரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரில் கிடக்கும் கல்யாண வீடியோவைத் தேட வேண்டாம். லினக்ஸ் டெர்மினலில் ஒரே வரி போதும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ட்ரங்கேட் -எஸ் 5242880 சோதனை.பின்

5242880 என்பது 5 x 1024 x 1024. இதோடு நிறுத்தாமல் ஒரு பைட் குறைவாக 5242879, ஒரு பைட் கூடுதலாக 5242881 என்று இன்னும் இரண்டு செய்யுங்கள். முடிந்தால் 5000001-ம் வேண்டும், ஏனென்றால் எம்பிக்கு ஆயிரக் கணக்கா 1024 கணக்கா என்று திரையை எழுதியவரும் சர்வரை எழுதியவரும் பல இடங்களில் பேசிக்கொண்டதே இருக்காது.

இது ஸ்பார்ஸ் ஃபைல். 5 ஜிபிக்குச் செய்தாலும் ஃபைல் பட்டியலைக் காட்டும் எல்எஸ் 5 ஜிபி என்று காட்டும், டிஸ்கில் பிடித்த இடத்தைச் சொல்லும் டியு பூஜ்யம் என்னும், டிஸ்கில் இடமே பிடித்திருக்காது. டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகும் என்று சோதிக்க இது உதவாது. அதற்கு ஃபாலொகேட் -எல் 5ஜி போட்டுப் பெயர் கொடுங்கள், இடத்தை உண்மையாகவே ஒதுக்கிவிடும்.

இரண்டிலும் உள்ளே வெறும் பூஜ்யங்கள்தான். 1 ஜிபி பூஜ்யத்தை ஜிஸிப் சுமார் 1 எம்பியாகச் சுருக்கிவிடும், அப்புறம் வழியில் எங்காவது கம்ப்ரஷன் இருந்தால் உங்கள் வேகக் கணக்கு எல்லாம் பொய். சுருங்காத குப்பை வேண்டுமென்றால்:

ஹெட் -சி 100எம் /டெவ்/யுரேண்டம் > குப்பை.பின்

டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையிலும் முடியும், ஆனால் எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் ஓஎஃப்= என்ற இடத்தில் டிஸ்கின் பெயர் விழுந்தால் டிஸ்கே காலி, அதனால் எனக்கு ஹெட்தான் பிடிக்கும்.

சர்வர் ஃபைலின் தலைப் பைட்டுகளைப் பார்த்து இது படமா என்று சோதித்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. ஒரு சின்ன ஜேபெக் படத்தை நகல் எடுத்து, அந்த நகல் மீது ட்ரங்கேட் -எஸ் 5242881 ஓட்டுங்கள். கடைசியில் பூஜ்யம் ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலான மென்பொருள்களில் படமும் திறக்கும். படம் ஏற்கெனவே அதைவிடப் பெரிதென்றால் வெட்டிவிடும், கவனம்.

விண்டோஸில் எஃப்எஸ்யுடில் ஃபைல் கிரியேட்நியூ, பிறகு பெயர், பிறகு பைட் கணக்கு.

தமிழில் பெயர் வைத்த ஃபைலையும் ஏற்றிப் பாருங்கள். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-ல் பெயருக்கு 255 பைட் வரம்பு, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘தமிழ்’ மட்டுமே 15 பைட்.