பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் ஓர் இரவு தங்குவது எப்படி?

கானாடுகாத்தான் பக்கம் சில பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே அறை எடுக்க இந்தப் பதிவு தேவையில்லை, கையில் காசு இருந்தால் போதும். நான் சொல்வது, தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டியே கிடக்கிற ஊரில், நண்பரின் பூர்வீக வீட்டில் பாய் விரித்துப் படுப்பது பற்றி. இரண்டு முறை போனேன், முதல் முறை முழுச் சொதப்பல்.

ஊர் ஏன் இப்படி ஆனது என்பது தெரிந்த கதைதான். பர்மா, மலேயா, இலங்கை என்று கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய வீடுகள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் வரும்படி அறுந்தது. அடுத்த தலைமுறை சென்னை, கோவை என்று கிளம்பிவிட்டது. வீட்டை விற்பதும் லேசில்லை, ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வையுங்கள்.

1. அனுமதி. நண்பர் சரி என்றால் போதாது. அவர் தன் பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் நம்பரையும் வாங்கி, நீங்களே ஒரு முறை பேசிவிடுங்கள்.

2. பகலிலேயே போய்ச் சேருங்கள். நான் பல்லவனில் போனேன். காரைக்குடியில் இறங்கும்போது இரவு பத்து தாண்டிவிட்டது. ஆட்டோ பிடித்து ஊருக்குள் நுழைந்தால் ஒரு விளக்கு இல்லை. ஆளே இல்லாத ஊர் என்றுதான் நினைத்தேன். இரண்டே நிமிடத்தில் எதிர்த் திண்ணையிலிருந்து ஒரு ஆச்சியின் குரல்: "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கதவு, நிலை, தூண் எல்லாம் கழற்றி விலைபோகிற காலம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இருட்டில் பையும் டார்ச்சுமாகப் போய் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இரண்டாம் முறை மாலை நாலு மணிக்கே போய், டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து இன்னார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

3. எடுத்துப் போக வேண்டியவை. தலையில் மாட்டுகிற டார்ச் (செல்போன் டார்ச் வேண்டவே வேண்டாம், பூட்டைத் திறக்க இரண்டு கையும் வேண்டும்), பெட்டி மாதிரி விரிகிற கொசுவலை, கோரைப்பாய், முகக்கவசம், குடிதண்ணீர். மெழுகுவர்த்தி எடுக்காதீர்கள். மேலே முழுக்கப் பர்மா தேக்கு. கீழே தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லில் மெழுகு சொட்டினால் சுரண்டும்போது கீறல் விழலாம்.

4. கரண்ட். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சாவி முழ நீளத்தில் இருந்தாலும் கதவு திறந்துவிட்டது. முகப்பில் மெயின் சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. பெட்டிக்குள் பியூஸ் கேரியரைக் காணோம். பூட்டிய வீடு என்பதால் கழற்றி எங்காவது வைத்திருப்பார்கள். எங்கே என்று கேட்க போன் போட்டால், வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தூங்கிவிட்டார். ஒரு மணி நேரம் தேடி, விளக்கு மாடத்தில் தாளில் சுற்றி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். மாட்டினேன். அப்போதும் வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் உள்ள பகுதி) இருட்டு. ஆனால் எதிர்ப்பக்கம் பூட்டியிருந்த ஒரு அறைக்குள் மட்டும் பளிச்சென்று வெளிச்சம்.

உண்மையாகவே முதுகு சில்லிட்டது. விஷயம் என்னவென்றால், முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள் பங்காளிக்கு ஒன்றாகப் பிரிந்தவை. மீட்டரும் அப்படியே, சுவரில் வரிசையாக நாலைந்து. நான் உயிர் கொடுத்தது வேறொரு பங்காளியின் மெயினுக்கு. ஒரு ராத்திரிக்கு என்ன ஆகிவிடும், வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம்தானே என்று நினைத்தேன். அவர் கேட்டது காசு இல்லை. "எங்க பங்கு மெயினைத் தொட்டது யாரு?" நண்பர் இன்னமும் இதைச் சொல்லிக்காட்டுகிறார்.

எனவே எந்த மீட்டர் உங்கள் நண்பருடையது, கேரியர் எங்கே இருக்கிறது என்பதைப் பகலிலேயே அண்ணனைக் கூட்டி வந்து காட்டச் சொல்லுங்கள். போட வேண்டியதை அவரே போடட்டும். பழைய வயரிங், நீங்கள் கை வைக்காதீர்கள். ஒரு விளக்கு, ஒரு விசிறி, அதோடு நிறுத்துங்கள்.

5. படுக்குமிடம். பட்டாலையோ (கூடம்) வளவின் தாழ்வாரமோ நல்லது. அறைக்குள் புழுங்கும். முற்றத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுக்க ஆசை வரும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆசை வேண்டாம், நாலு கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழும். வௌவால் எச்சம் கிடந்தால் காய்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.

6. பின்வாசல். இந்த வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்கதவைத் தாழ் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு தாண்டி அடுப்படிப் பக்கம் ஒரு கதவு இருப்பதே தெரியாது. நடு ராத்திரியில் காற்றுக்கு அது டமார் டமாரென்று அடிக்க, விடியும்வரை தூக்கமில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கடைசிக் கதவு வரை நடந்து, எல்லாத் தாழ்ப்பாளையும் பாருங்கள். கிணற்றடிக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள், பூச்சிபொட்டு இருக்கும்.

பின்சேர்க்கை: கழிவறை பற்றி எழுதவே இல்லையே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் பின்கட்டில்தான் இருக்கும். மோட்டார் ஓடாவிட்டால் கிணற்றில் இறைக்க வேண்டும், கயிறு நைந்திருக்கலாம். பகலிலேயே நாலு வாளி இறைத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: தேவகோட்டைக்கார வாசகர் ஒருவர் சொன்னது. நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு சமயத்தில் போக வேண்டாம். அது திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள். இழை எடுக்க (அந்த நோன்பின் சடங்கு) வெளியூரிலிருந்து எல்லாரும் வந்திருப்பார்கள், உங்களுக்குப் படுக்க இடம் இருக்காது. நாள்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.