பிரஷர் எடுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது: நரம்புக்கு நொடி, ஹார்மோனுக்கு நாள்

"காலையில 152, சாயங்காலம் 128, மிஷின் கெட்டுப்போச்சா?" பினாங்கில் எந்தக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இந்தக் கேள்வி இருக்கும். மிஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இரத்த அழுத்தம் என்பதே ஒரு இடத்தில் நிற்கிற எண் கிடையாது, உடம்பு அதை ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள்: நரம்பு நொடிக் கணக்கில், ஹார்மோன் மணிக்கணக்கில், நாள் கணக்கில். எது எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எப்படி அளப்பது, எப்படி எழுந்து நிற்பது, எந்த மாத்திரையோடு எது சேராது என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே புரிந்துவிடும்.

முதலில் நரம்பு. தாடைக்குக் கீழே கழுத்தில் துடிப்பு தெரிகிறதே, அங்கே பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அதன் சுவருக்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் உண்டு. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், விரிந்தால் இந்த நுனிகள் மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் சேதி அனுப்பும், உடனே வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகள் பிடியைத் தளர்த்தும். அழுத்தம் இறங்கினால் அப்படியே தலைகீழ். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது, ஆனாலும் நீங்கள் சாய்ந்து விழாமல் நிற்பது இந்த ஏற்பாடு ஓரிரண்டு துடிப்புக்குள் விழித்துக்கொள்வதால்தான்.

சரி, இப்போது அளப்பதற்கு வருவோம். கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) சொல்கிற விதிகள் பாதிக்கு மேல் இந்த நரம்பை அடங்க வைப்பதற்காக. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் கோப்பி, தே, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் நிறைந்த மூத்திரப்பையே நரம்பைத் தூண்டி அழுத்தத்தை ஏற்றும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சும்மா என்றால் போனும் இல்லாமல், தொலைக்காட்சித் தொடரும் இல்லாமல். அளக்கும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது (இதுதான் நம் வீடுகளில் ரொம்பக் கஷ்டம்). கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். இதற்கும் நரம்புக்கும் சம்பந்தமில்லை, வெறும் பௌதிகம்தான்: கை 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் எண் 7, 8 கூடிக் காட்டும். கைப்பட்டையும் உங்கள் கை பருமனுக்கு ஏற்றதாக இருக்கட்டும், சின்னப் பட்டையைப் பருத்த கையில் இறுக்கிச் சுற்றினால் பொய்யாக ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள், குறைவாக வந்ததை மட்டும் எழுதுவது உங்களை நீங்களே ஏமாற்றுவது.

காலையில் மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன், இரவில் ஒரு முறை, இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளந்து 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கிளினிக்கில் அந்தக் கோடு 140/90, ஏனென்றால் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பலருக்கு நரம்பு முறுக்கேறிவிடும். ஒரே ஒரு தடவை 180/120 என்று வந்தால் பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி எடுங்கள். இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் அவசர எண் 999ஐ அழையுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள், இதை ஏனோ யாரும் செய்வதே இல்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு எண், எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு எண், மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த நரம்பு ஏற்பாடு பிந்துகிறது என்று அர்த்தம். வயது ஒரு காரணம், நீண்ட நாள் நீரிழிவு நரம்பையே கெடுத்துவிடுவது இன்னொரு காரணம், குழாயைத் தளர்த்தும் பிரசோசின் மாதிரி மாத்திரையும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் வேறு. இப்படிப்பட்டவர்கள் இரவில் ஒன்றுக்குப் போக எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, அப்புறம் எழ வேண்டும். கண் இருட்டினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள், கைவிரல்களை இறுக மூடுங்கள், தேங்கின இரத்தம் மேலே வரும். அதற்கும் சரிப்படவில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். வயிறு முட்ட நாசி கண்டார் சோறு சாப்பிட்ட உடனேயும், வெந்நீரில் குளித்த உடனேயும் கவனம், இரத்தம் குடலுக்கும் தோலுக்கும் போயிருக்கும் நேரம் அது. முடிதிருத்தும் கடையில் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்வதும் வேண்டாம், அந்த நரம்பு நுனிகளை அழுத்தினால் சிலருக்கு இதயம் சட்டென்று மெதுவாகி மயக்கமே வரும்.

இவ்வளவு கெட்டிக்கார நரம்பு ஏன் இரத்தக் கொதிப்பைச் சரிசெய்வதில்லை? அழுத்தம் தொடர்ந்து உயரத்திலேயே இருந்தால் சில நாட்களிலேயே நரம்பு அந்த உயரத்தைத்தான் சரியான அளவு என்று எடுத்துக்கொள்கிறது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து தொடங்கின புதிதில் கொஞ்சம் அசதியாக, தலை லேசாக இருப்பதும் நரம்பு பழைய அளவுக்குத் திரும்பப் பழகும்வரைதான்.

நீண்ட காலக் கணக்கு சிறுநீரகத்தின் கையில். இரத்தம் குறைவாக வருகிறது, உப்பு குறைவாக வருகிறது என்று பட்டால், அல்லது நரம்பு தூண்டினால், சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடும். அது கல்லீரல் தந்த ஒரு புரதத்தை வெட்டும், வெட்டின துண்டை நுரையீரலில் அதிகமாக இருக்கும் ஏசிஇ என்ற நொதி மறுபடி வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்கும். இதுதான் பெரிய ஆள். குழாய்களை இறுக்கும், தாகத்தைக் கிளப்பும், சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை வரவழைத்து உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். எதிர்த்திசையில் வேலை செய்ய இதயமே ஒரு ஹார்மோன் சுரக்கிறது, மேலறை விரிந்தால் உப்பை வெளியேற்றச் சொல்லும், ஆனால் நாள் முழுக்க உப்பை அள்ளிப்போட்டால் அதனால் எவ்வளவுதான் முடியும்? உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கிச்சாப்பு, கருவாடு, ஊறுகாய், மாகி தூள், அஜினோமோட்டோ எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். ஒரு நாள் குறைத்துவிட்டு மறுநாள் மிஷினைப் பார்க்காதீர்கள், ஹார்மோன் நாள் கணக்கில்தான் அசையும், வாரக்கணக்கில் பாருங்கள்.

உங்கள் மாத்திரை அட்டையை இப்போது எடுத்துப் பாருங்கள். பெரிண்டோபிரில் அந்த ஏசிஇ நொதியைத் தடுக்கிறது. இந்த வகையின் முதல் மாத்திரையான காப்டோபிரில், பிரேசில் நாட்டுப் பாம்பு விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது, 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லோசார்டன் ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது. அம்லோடிபின் இந்த வரிசையில் இல்லை, குழாய்ச் சுவரின் தசையை நேராகத் தளர்த்துகிறது, அதனால்தான் கணுக்கால் வீக்கம்.

பெரிண்டோபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். நம்மவர்கள் உடனே என்ன செய்வார்கள்? அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள், சீனர் மருந்துக்கடைக் கஷாயத்திலும் அதே வேர் பெரும்பாலும் இருக்கும். அதிமதுரமோ, உடம்பின் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனை ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்ய விட்டுவிடும் சரக்கு: உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். பிரஷர் மாத்திரை தந்த இருமலுக்குப் பிரஷரை ஏற்றும் மருந்து! இருமலை டாக்டரிடம் சொன்னால் லோசார்டன் வகைக்கு மாற்றிவிடுவார், விஷயம் முடிந்தது. புரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளும் உப்பைத் தங்கவைக்கும், மூக்கடைப்பு மாத்திரைகள் சில குழாயை இறுக்கும். "லோ சோடியம்" உப்பில் இருப்பது பொட்டாசியம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பெரிண்டோபிரில், லோசார்டன் வகை மாத்திரைகள் எடுப்பவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

தைப்பூசத்துக்கு விரதமிருந்து தண்ணீர்மலை ஏறுபவர்களுக்குத் தனியாக ஒன்று. தண்ணீர் குறைத்து, வெயிலில் நடந்து, காவடி வரிசையில் ஒரே இடத்தில் நிற்கும்போது உடம்பு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதே இந்த நரம்பாலும் ஆஞ்சியோடென்சினாலும்தான். நீர் மாத்திரையும் பெரிண்டோபிரிலும் அதே பிடியைத்தான் தளர்த்துகின்றன, மயக்கம் மட்டுமல்ல, சிறுநீரகத்துக்கும் அடி விழலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றிக் கேளுங்கள். அன்றைக்குத் தண்ணீர்ப் பந்தல்களில் நின்று நின்று குடியுங்கள், நீரிழிவு உள்ளவர்கள் சிராப்பைத் தள்ளிவிட்டு வெறும் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிவிடும்.