வெங்கச்சங்கல்லை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல மழை விட்ட மறுநாள் கடலூர் கேப்பர் மலைப் பக்கம் போனால், செம்மண் கரைந்த இடமெல்லாம் கூழாங்கற்கள் தலைகாட்டும். பெரும்பாலானவை வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். காரணம் எளிது. பாறையில் இருக்கும் மற்ற கனிமங்கள் காலப்போக்கில் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் தாக்குப்பிடித்து, தண்ணீரில் உருண்டு வழவழப்பாகும்.

பலரும் முதலில் ஏமாறுவது நிறத்தில். சிவப்பாக ஒரு கல் கிடைத்ததும், பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் மணி செய்த சூதுபவளம் (கார்னீலியன் என்ற சிவப்புக் கல்) என்று நினைத்துவிடுகிறார்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். சிவப்பு மேலேயும் விரிசல்களிலும் மட்டும் இருந்து உள்ளே வெள்ளையாக இருந்தால், அது செம்மண்ணின் இரும்புத் துரு ஏறிய சாதாரண வெங்கச்சங்கல்தான். சூதுபவளத்தில் நிறம் உள்ளேயும் ஓடும், வெளிச்சத்தில் பிடித்தால் கசியும். அதுவும் குவார்ட்ஸ் இனம்தான்.

அடுத்தது கத்திச் சோதனை: கத்தி கீறாவிட்டால் அது குவார்ட்ஸாக இருக்கலாம். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம், ஏனென்றால் சரியாகச் செய்தவர்களே தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கத்தியால் இழுத்ததும் கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். உடனே 'கீறிவிட்டது, இது குவார்ட்ஸ் இல்லை' என்று தூக்கிப் போடுவார்கள். அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படாவிட்டால், தேய்ந்தது கத்தி, கல் அல்ல. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரணக் கத்திக்கு 5.5 அளவுதான்.

கண்ணாடியைக் கீறினாலே குவார்ட்ஸ் என்பதும் சரியில்லை. கடினம் 6 உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு பாறைக் கனிமமும் கீறும். ஆனால் அது தட்டையான பளபளப்பு முகங்களாக உடையும். குவார்ட்ஸ் உடைந்த பாட்டில் மாதிரி வளைந்து, சிப்பியின் உட்புறம் போல உடையும். சரி, உடைத்துப் பார்ப்பதென்றால் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சுத்தியலை எடுக்காதீர்கள். சில்லு கத்தி மாதிரி இருக்கும்.

கடற்கரையில் அலை தேய்த்த பாட்டில் துண்டுகளும் கல் போலவே கிடக்கும். உள்ளே உருண்டைக் காற்றுக் குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைப் பக்கம் போனால் மட்டும் கை கட்டிக்கொள்ளுங்கள். அங்கே சிலிக்காவாக (குவார்ட்ஸில் இருக்கும் அதே பொருள்) மாறிய கல்மரம், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை, கத்திக்கு வெங்கச்சங்கல் போலவே அசையாது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் அது. ஒரு சில்லைக்கூடப் பையில் போடக் கூடாது.

அப்புறம், ஈரமாக இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் சொரசொரப்பை நிரப்பிவிடுவதால் எந்தக் கல்லும் ஸ்படிகம் மாதிரி மின்னும். வெயிலில் உலர்த்திவிட்டுப் பாருங்கள்.