முருங்கை மரத்தில் சாய்வதற்கு முன்

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுகிறவர்கள் கொசு மருந்தை மறப்பதில்லை. முருங்கை மரத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். மழை ஓய்ந்ததும் கம்பளிப்பூச்சிகள் அதன் தூரில் அப்பிக் கிடக்கும். எட்ட நின்று பார்த்தால் மரப்பட்டை போலவே இருக்கும்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் மகன் சாய்ந்து நின்றது அதன் மேல்தான். தோளெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. துண்டால் துடைக்கப் போன என் கையை ஆச்சி தட்டிவிட்டாள். தேய்த்தால் சுணை, அதாவது பூச்சியின் அரிக்கும் மயிர், இன்னும் உள்ளே இறங்கும். சட்டையைத் தலைவழியே கழற்றினால் கண்ணில் படும் என்று கத்தரிக்கோலால் வெட்டியே எடுத்தாள். பிறகு பரிசுப்பொருள் கட்டக் கொண்டுபோயிருந்த டேப்பைக் கேட்டு வாங்கி, தோலில் ஒட்டி ஒட்டி உரித்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்தபோது டேப் முழுக்க மெல்லிய மயிர்கள்.

அதன் பிறகுதான் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். கடைசியில் கற்றாழைச் சோறோ காலமைன் லோஷனோ, எது கிடைக்கிறதோ அது. சுணை போகாமல் எதைப் பூசினாலும் வீண். சொறிந்து புண்ணான இடத்தில் பச்சிலை அரைத்துப் பூசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆச்சிக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு.

செந்தட்டி, பூனைக்காலி போன்ற சுணையுள்ள செடிகள் பட்டாலும் இதே வைத்தியம்தான். பூனைக்காலிக் காய் வெல்வெட்டுத் துணி போலிருக்கும். பிள்ளைகள் தடவிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

குளவி கொட்டினால் சுண்ணாம்போடு யாராவது ஓடி வருவார்கள். வேண்டாம், தோல் வெந்துவிடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். முதலில் அதை உடனே எடுத்துவிட வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கைமருந்துப் பேச்சே கூடாது, 108-ஐ அழையுங்கள். சிறுபிள்ளையைத் தேள் கொட்டினாலும் அப்படியே.

இன்னொன்று, விடுமுறை முடிந்து நகரத்துக்குத் திரும்பிய பிறகு வருவது. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சி கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். கடித்தபோது ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கரும்பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் அது இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஊரில் எந்தத் தோப்பில் உட்கார்ந்தீர்கள் என்பதை நகரத்து மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.