மலையில்லாத ஊரில் பிள்ளைக்குச் சித்திரம் பழக்குதல்

யாழ்ப்பாணத்தில் ஒரு முன்பள்ளிப் பிள்ளையிடம் கடதாசியைக் கொடுத்து "ஒரு படம் கீறு" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு வரும். குடாநாடோ தட்டை நிலம். இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கீறிப் பழக்கிய படம் அது. படலையடியில் நிற்கிற பனையை நாள்தோறும் பார்க்கிற பிள்ளை, அதைக் கீறலாம் என்றே நினைப்பதில்லை. ஆகவே பிள்ளையின் கையைப் பிடித்துக் கீறுவதையும், "இப்பிடிக் கீறு" என்று மாதிரி போட்டுக் கொடுப்பதையும் முதலில் நிறுத்துங்கள். நிறம் தீட்டும் கொப்பி கோட்டுக்குள் நிற்கப் பழக்கும். கீறப் பழக்காது.

வயதுக்கு வயது என்ன வரும் என்று தெரிந்திருந்தால் திருத்துகிற ஆசை குறையும். இரண்டு வயதில் கிறுக்கல். மூன்று, நான்கு வயதில் உடம்பே இல்லாமல், தலையிலிருந்து நேரே கால் முளைத்த ஆட்கள். ஐந்து, ஆறு வயதில் கீழே நிலத்துக்கு ஒரு கோடு, மேலே வானத்துக்கு ஒரு கோடு. வயிற்றுக்குள் சாப்பிட்ட இடியப்பமும் தெரியும். எல்லாம் வளர்ச்சியின் படிகள். சில பிள்ளைகளுக்குச் சற்று முந்தியும் பிந்தியும் வரும்.

பொருட்கள் அதிகம் வேண்டாம். சின்னப் பிள்ளை தோளிலிருந்து கையை வீசிக் கீறும்; கொப்பித்தாள் அதற்குப் போதாது. ஏ3 அளவுத் தாள், பழைய கலண்டரின் பின்பக்கம், விரித்த காட்போட் பெட்டி எல்லாம் நல்லவை. தாளைப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் சுவரில் ஒட்டிவிட்டால் தோளும் மணிக்கட்டும் உரம் பெறும். கிறயோனை ஓர் அங்குலத் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். முழு நீளத்தைப் பிள்ளை முட்டிக்குள் பொத்திப் பிடிக்கும். சிறு துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். பென்சில் பிடிக்கவும் கை அப்படியே பழகும். வாயில் போடுகிற வயதென்றால் மட்டும் தடித்த கிறயோனை உடைக்காமல் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். தகரக் கூரையின் கீழே மத்தியான வெக்கையில் கிறயோனும் பஸ்டலும் இளகிவிடும். பேணியில் போட்டு நிலத்தோடு, நிழலில் வையுங்கள். அழிறப்பர் ஆறு வயது வரை தேவையில்லை. அது கையில் இருந்தால் சில பிள்ளைகள் கீறுவதைவிட அழிப்பதுதான் கூட.

பெயின்ற் வாங்கும்போது இருபத்துநான்கு நிறப் பெட்டியை விட்டுவிட்டு மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை நான்கையும் போஸ்டர் கலரில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிறம் மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் சேற்று நிறமாகிவிடும், பிள்ளையும் சோர்ந்து எழும்பிவிடும். மஞ்சளும் நீலமும் என்றால், மஞ்சளுக்குள் நீலத்தைத் துளித்துளியாக விடச் சொல்லுங்கள். மாறிச் செய்தால் பச்சை வரவே அரைப் போத்தல் மஞ்சள் முடிந்துவிடும். எட்டாம் அல்லது பத்தாம் இலக்கத் தூரிகை ஒன்று போதும். தண்ணீருக்குக் கனமான பால்மாப் பேணி இரண்டு, மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பாமல்: ஒன்று கழுவ, மற்றது நல்ல தண்ணீர். சாதாரண ஏ4 தாள் ஈரத்தில் சுருண்டு கிழியும். தடித்த பிறிஸ்டல் போட் மட்டையை நான்காக வெட்டினால் தாங்கும்.

மூன்று வயதுக்குக் கீழே விரல்தான் தூரிகை. விரலால் பூசுகிற பெயின்றுக்கு அரைக் கப் கோதுமை மாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னும் ஒன்றரைக் கப் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கூழ் பதம் வரும்வரை துழாவி ஆறவிடுங்கள். சுடுதண்ணீரில் நேரே மாவைக் கொட்டினால் கட்டிபடும். நிறத்துக்கு மஞ்சள்தூளும் பீற்றூட் சாறும் போதும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும்; மணம் மாறினால் ஊற்றிவிடுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குச் செவ்வரத்தம்பூவைக் காட்டவேண்டும். ஐந்தாறு பூவின் இதழ்களைக் கொஞ்சச் சுடுதண்ணீரில் போட்டு நசித்து வடித்து, மூன்று சிரட்டையில் பங்கிடுங்கள். ஒன்றில் தேசிக்காய்ச் சாறு விட்டால் நல்ல சிவப்பு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சைச் சாயல், மற்றது அப்படியே ஊதா. தேசிக்காயின் புளிப்புக்கும் அப்பச்சோடாவின் காரத்தன்மைக்கும் பூவின் நிறப்பொருள் மாறுவதுதான் காரணம். மஞ்சள் கரைசலில் அப்பச்சோடா விழுந்தால் சிவக்கும். பழைய சேட் போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை கழுவி லேசில் போகாது. ஆனால் தாளில் பூசிய மஞ்சள் வெயிலில் வெளிறும். அந்தப் படங்களை ஜன்னலோரம் தொங்கவிடாதீர்கள்.

வெண்டிக்காய், வாழை இலைத்தண்டு, பாவற்காய் குறுக்கே வெட்டிய முகத்தால் அச்சுக் குத்தலாம். வெட்டியவுடன் குத்தினால் சாறு கலந்து வடிவம் கலங்கிவிடும். துணியில் கவிழ்த்துப் பத்து நிமிடம் ஈரம் போகவிட்டு, பெயின்ற் ஊறிய பஞ்சில் ஒற்றிக் குத்துங்கள்.

ஐந்து வயதுக்குப் பிறகு பார்க்கப் பழக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே கூட நேரம் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பொருள், பத்து நிமிடம். பனையையும் தென்னையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்: பனையோலை விசிறிபோல விரியும், தென்னோலை நடு மட்டையின் இரு பக்கமும் ஈர்க்கு ஈர்க்காகப் பிரியும். "எது பெரிசு? எந்த இடத்தில வளையுது? எது எதைத் தொடுது?" என்று மூன்றே கேள்வி. பதிலை வாயால் சொன்னபின் கீறட்டும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப் போனால் மயில் வாகனத்தின் கழுத்தை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏறுகிற பட்டங்களில் ஒன்றைக் கட்டியிருக்கிற விதத்தை மட்டும் பார்க்கட்டும். முழுவதையும் பார்க்கச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது.

கீறி முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். மூன்று வயதுக் கிறுக்கலுக்குப் பெயர் இருக்கவேண்டியதில்லை. "சூப்பர்" என்பதும் ஒன்றும் சொல்வதில்லை. கண்டதைச் சொல்லுங்கள்: "இந்த மூலையில நீலத்தை நல்லா அழுத்திப் பூசியிருக்கிறாய்." அம்மம்மாவோ அப்பப்பாவோ "மூக்கு எங்கை?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையைக் கண்ணாடி முன் கூட்டிப்போய் மூக்கைத் தொட்டுப் பார்க்கவிடுங்கள். படத்தில் கைவைக்கவேண்டாம்.

மாதம் இரண்டு படத்தைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும். திகதியையும் பிள்ளை சொன்ன கதையையும் பின்பக்கம் எழுதி, மட்டைகளுக்கு நடுவே கிடையாக, நிலத்தில் படாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூஞ்சணமும் கறையானும் வரும். பஸ்டல் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இடையில் எண்ணெய்த்தாள் வேண்டும்.

சித்திர வகுப்புக்கு அனுப்ப நினைத்தால், சேர்க்கமுன் அங்கே சுவரில் தொங்குகிற படங்களைப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் படமும் ஒரே மாதிரி இருந்தால், அங்கே நடப்பது கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. ஏழு வயதுக்கு முன் போட்டிக்கென்று ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பழக்குகிற இடத்தையும் தவிருங்கள். அந்தக் காசுக்குத் தாளும் பெயின்றும் வாங்கி, விறாந்தையில் ஒரு மூலையைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவிடலாம்.